நானாக விரும்பிப் போய் மாட்டிக்கொண்ட ஆறு விழுக்காடு

‘இல்லை’ என்று சொல்ல வெட்கப்படுகிறவர்களுக்கென்றே இந்த உலகத்தில் சில துன்பங்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அது ஜாமீன் கையெழுத்து. சிலருக்கு ஊருக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் விட்டுச் செல்லும் நாய். எனக்கு வாய்த்தது ஜிஎஸ்டி.

கல்யாணமாகி நான் கோலசிலாங்கூருக்கு வந்தபோது, கணக்கியலில் ஒரு டிப்ளோமாவும், அதைவிடப் பெரிய தலைக்கனமும் கொண்டு வந்தேன். மாமியார் வீட்டில் கூடாரம் வாடகைக்கு விடும் தொழில். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, கருமாதி, எதுவானாலும் செகிஞ்சானிலிருந்து உலு யாம் வரைக்கும் ‘சரோஜா அக்கா கேனோப்பி’ என்றால் தெரியும். மாமனார் தோட்டத்து லோரி ஓட்டியவர். அவர் இறந்தபோது அத்தையிடம் இருந்தது ஒரு பழைய லோரியும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இரண்டு பையன்களும்தான். அங்கிருந்து அவர் இந்தத் தொழிலைக் கட்டி எழுப்பியிருந்தார். இரும்புக் குழாயைத் தோளில் தூக்கியவர் என்பதால் அவர் குரலிலும் கொஞ்சம் இரும்பு இருக்கும். (கொஞ்சம் என்பது மரியாதைக்காகச் சொல்வது.)

அந்த வீட்டில் என் டிப்ளோமாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் வாரத்தில் அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: “கயிறு கட்டத் தெரியுமா?” தெரியாது. அதனால் என்னைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தீவினை அந்தத் தொலைபேசி வழியாகத்தான் வந்தது.

பத்தாங் பெர்ஜூந்தை பக்கம் இருந்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து அழைத்தார்கள். ஆண்டு விருந்து, குடும்ப நாள், விளையாட்டுப் போட்டி என்று வருடம் முழுக்கக் கூடாரம் தேவைப்படுமாம். பேசிய அதிகாரி கடைசியில் கேட்டார், “உங்களுக்கு ஜிஎஸ்டி நம்பர் இருக்குதானே?”

‘உங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கிறதுதானே’ என்று கேட்கிற தொனி அது. எங்களுக்கு அந்த நம்பர் இல்லை, தேவையும் இல்லை. வருட வியாபாரம் ஐந்து லட்சம் ரிங்கிட் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிய வேண்டும் என்பது அப்போதைய சட்டம். நாங்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இருந்தும் என் வாய், “இருக்கு சார், அனுப்பி வைக்கிறேன்” என்றது.

இல்லாத நம்பரை எப்படி அனுப்புவது? சட்டத்தில் அதற்கும் ஒரு கதவு இருந்தது. வரம்புக்குக் கீழே இருப்பவர்களும் சொந்த விருப்பத்தின் பேரில் பதிந்துகொள்ளலாம். உள்ளே போகும் கதவு அது. வெளியே வரும் கதவு எங்கே இருக்கிறது என்று அப்போது நான் தேடவில்லை.

தொழில் அத்தையின் பெயரில் இருந்ததால் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தை வாசலில் கித்தான் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“வரிக்குப் பதிவு பண்ணணும் அத்தை.”

“கவர்மண்ட்ல பண்ணச் சொல்லிட்டாங்களா?”

இந்த இடத்தில் நான் தலையாட்டினேன். பொய் சொன்னேன் என்று யாரும் நினைக்கக் கூடாது, வாயைத் திறக்கவே இல்லை. புதிதாக வந்த மருமகளின் தலைக்கு மேலும் கீழும் மட்டும்தான் ஆடத் தெரியும், பக்கவாட்டில் ஆடக் கொஞ்சம் காலம் எடுக்கும்.

“எல்லாருக்கும் வர்றது நமக்கும் வரட்டும்” என்று சொல்லிவிட்டு அத்தை தைப்பதைத் தொடர்ந்தார்.

நம்பர் வந்தது. ஆலைக்கு அனுப்பினேன். அந்த ஆலையை நம்பி ஒரு புதுக் கூடாரமும் வாங்கி, அதற்குக் கட்டிய வரியை நம்பரைக் காட்டித் திருப்பியும் வாங்கினேன். அதற்குள் அந்த அதிகாரி வேறு ஊருக்கு மாறிப்போய், அவர் இடத்துக்கு வந்தவர் ஷா ஆலமிலிருந்து தனக்குத் தெரிந்த ஆளைக் கொண்டுவந்துவிட்டார். ஆலை போய்விட்டது, நம்பர் எங்களிடமே தங்கிவிட்டது.

நம்பர் வந்தால் சும்மா இராது. இனி யார் கேட்டாலும் வாடகையோடு ஆறு விழுக்காடு சேர்த்து வாங்கி வரி கட்டியாக வேண்டும். உலு யாமில் ஒரு கல்யாண வீடு. “ஆறு பெர்சன் எதுக்கு? கூடாரத்துக்கா, கூடாரத்து நெழலுக்கா?” என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். சுங்கை பஞ்சாங்கில் சடங்கு வீடு, அதுவும் போனது. எங்கள் வட்டாரத்தில் கூடாரம் விடும் மற்றவர்கள் எல்லாரும் எங்களைப் போலவே சிறியவர்கள். ஆனால் என்னைப் போலக் கணக்கியல் படிக்காதவர்கள், அதனால் யாரும் பதியவில்லை.

ஒவ்வோர் ஆர்டர் போகும்போதும் அத்தை அரசாங்கத்தைத் திட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அரசாங்கத்துக்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

சத்தமில்லாமல் ரத்து செய்துவிடலாம் என்று ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் மலாவத்தி குன்றுக்குக் கீழே காரை நிறுத்தி வரி அலுவலகத்துக்கு அழைத்தேன். ஒரு குரங்கு வந்து கார் மூக்கில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. மறுமுனையில் ஒரு பெண் ரொம்ப இனிமையாகப் பேசினாள். கட்டாயப் பதிவா, சொந்த விருப்பமா என்று கேட்டாள். சொந்த விருப்பம் என்றேன். அப்படியென்றால் குறைந்தது இரண்டு வருடம் அப்படியே இருக்க வேண்டும், அதற்குமுன் மாற்ற முடியாது என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள். நான் குரங்கைப் பார்த்தேன். அதற்கும் யோசனை எதுவும் இல்லை.

அன்று ராத்திரி வரைக்கும் காத்திருக்க முடியாமல், கொட்டகையில் குழாய் அடுக்கிக்கொண்டிருந்த என் கணவர் குமாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அம்மாகிட்ட சொல்லிரு” என்றார்.

“நீங்க சொல்லுங்களேன்.”

“நானா? நான் சின்ன வயசுல கண்ணாடி ஒடச்சதையே இன்னும் சொல்லல.”

இப்படியே சில வாரம் ஓடியது. கடைசியில் விஷயத்தைக் கிளப்பியது கோயில். எங்கள் ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில். அத்தை பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில்தான். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் திருவிழாவுக்கு அத்தையின் கூடாரம்தான். கோயில் தலைவர் முனுசாமி மாமா நேரில் வந்து, நாற்காலியில் உட்காராமலேயே பேசினார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கமிட்டியில கேக்குறாங்க. சாமிக்குமா ஆறு பெர்சன்னு.”

“நானா கேக்குறேன்? கவர்மண்ட் கேக்குது.”

“தெரியுது லா. ஆனா தஞ்சோங் காராங்ல கூடாரம் விடுறவன் கேக்கலியே.”

அவர் போன பிறகு அத்தை தையல் ஊசியைக் கித்தானில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

“நாளைக்குக் கிள்ளான் ஆபீசுக்குப் போறோம். ஏழைங்க வயித்துல அடிக்கிறீங்களேன்னு நான் நேர்ல கேக்கணும். நீயும் வா. ஒனக்குத்தான் அவங்க பாஷ தெரியும்.”

அவங்க பாஷை என்றால் கணக்குப் பாஷை. அத்தைக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு, சந்தையில் மீன்காரனையே அழவைத்திருக்கிறார். ஆகவே மலாயில் பேசினால் மாட்டினேன். ஒரே வழி ஆங்கிலம். நான் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் பேசி, அதிகாரி சொல்வதை அத்தைக்கு என் இஷ்டப்படி தமிழில் சொல்லிவிடலாம். இந்தத் திட்டத்தை இரவெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

மறுநாள் கார் பட்டறையில் இருந்ததால் லோரியில் போனோம். குமார் ஓட்ட, நான் நடுவில், அத்தை சன்னலோரம். ஜெராம், காப்பார் என்று ஒவ்வோர் ஊரும் கடந்தபோது எனக்கு வியர்த்தது. அத்தை கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். குரல் ஏற ஏற, அவர் முழங்கை என் விலாவில் இடித்தது.

“ரொம்ப சத்தமா பேசாதீங்க அத்தை, ஆபீஸ்ல” என்றேன் மெதுவாக.

“தப்பு செஞ்சவங்கதான் மெதுவா பேசணும்” என்றார் அத்தை.

குமார் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் குளிர் அதிகம். எங்களுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். முகப்பு மேசைகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றில் கண்ணாடி போட்ட ஒரு மலாய்க்கார இளைஞர், வந்தவரிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். அவரிடமே போக வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். (யாருடைய கூடாரத்தை நான் கெடுத்தேனோ அதே மாரியம்மனிடம். அவ்வளவு வெட்கம்கெட்டவளாகி இருந்தேன்.)

எங்களுக்கு முன்னால் இருந்தவர் எழுந்து அந்த இளைஞரிடம் போனார். எங்கள் எண் அடுத்த முகப்பில் ஒளிர்ந்தது. அங்கே நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், நெற்றியில் சின்னதாகத் திருநீறு.

“வாங்கம்மா, உக்காருங்க” என்றார் தமிழில்.

அத்தையின் முகம் மலர்ந்தது. “நம்ம புள்ளையா நீ. எந்த ஊரும்மா?”

“உலு சிலாங்கூர் பக்கம்மா. அப்பா தோட்டத்துலதான் வேல செஞ்சாரு.”

நான் அவசரமாக நடுவில் புகுந்து, திட்டப்படி ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பாதி வாக்கியம் கூட முடியவில்லை. அவர் கையை மெதுவாக உயர்த்தினார்.

“தமிழ்லயே பேசுவோமே. அம்மாவுக்கும் புரியட்டும்.”

என்னுடைய திட்டம் அவ்வளவுதான். இனி எனக்கு மிச்சம் இருந்தது மேசையின் விளிம்பு. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை ஆரம்பித்தார். இருபது வருட உழைப்பைச் சொன்னார், கல்யாண வீடுகள் போனதைச் சொன்னார், கோயிலைச் சொன்னார். கோயிலைச் சொன்னபோது அவர் குரல் ஒரு கணம் உடைந்தது. அத்தையின் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை எனக்கு மாட்டிக்கொள்வோமே என்ற பயம்தான் இருந்தது. அப்போது வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

“எங்கள மாதிரி சின்ன ஆளுங்கள எதுக்கும்மா கட்டாயப்படுத்துறீங்க?” என்று முடித்தார் அத்தை.

அந்த அம்மா எங்கள் விவரத்தைக் கணினியில் பார்த்தார். பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். மறுபடியும் பார்த்தார்.

“உங்கள யாரும் கட்டாயப்படுத்தலியேம்மா. நீங்களா விரும்பித்தானே பதிவு பண்ணியிருக்கீங்க.”

குமார் மேலே விட்டத்தைப் பார்த்தார். கூடாரம் கட்டுகிறவர் ஆயிற்றே, கூரை எப்படி நிற்கிறது என்று ஆராய்கிறவர்போல அப்படி ஒரு பார்வை. அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன். அரிய பெரிய டிப்ளோமா படித்த வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

“யாரும்மா பண்ணது? உங்களுக்குத் தெரியாம யாராச்சும் பண்ணிட்டாங்களா?” அதிகாரியின் குரல் இப்போது மாறியிருந்தது. “அப்படின்னா சொல்லுங்க. அது பெரிய விஷயம்.”

பெரிய விஷயம் என்ற சொல் என் முதுகில் இறங்கியது. விசாரணை, நீதிமன்றம், நாளிதழில் என் படம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டேன். (படத்தில் என் முடி சரியாக இல்லை.)

அத்தை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே பதில் சொன்னார்.

“இல்லம்மா. நாந்தான் பண்ணச் சொன்னேன். வயசாச்சுல்ல, மறந்துட்டேன்.”

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனவராக இருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்கவில்லை.

“சரி, இப்ப வேணாம்னா எடுத்துட முடியுமா?” என்றார் அத்தை.

“ரெண்டு வருஷம் ஆகணும்மா.”

“நானா விரும்பி வந்தேன், நானா விரும்பிப் போறேன். அதுல ஒங்களுக்கு என்னா கஷ்டம்?”

“புதுக் கூடாரம் வாங்கினப்ப கட்டின வரிய நீங்க திருப்பி வாங்கியிருக்கீங்க பாருங்க. வாங்குறப்ப உள்ள வந்து அத எடுத்துக்கிட்டு, வாடகைக்கு விடுறப்ப வெளிய போயிட்டா எப்படி? எல்லாரும் தேவைக்கு உள்ள, தேவைக்கு வெளியன்னு இருப்பாங்க. அதனாலதான் உள்ள வந்தவங்க கொஞ்ச காலம் இருக்கணும்னு வெச்சிருக்காங்க.”

அத்தை யோசித்தார். “தொழில மூடிட்டா?”

“மூடினா ரத்து பண்ணிடலாம். ஆனா நெசமா மூடணும். வேற பேர்ல அதே கூடாரத்த மறுநாளே தூக்கிட்டுப் போனீங்கன்னா நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருப்போம்.”

அத்தை நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு மனுஷி தோளில் தூக்கிக் கட்டிய தொழிலை நான் ஒரு தொலைபேசிப் பெருமைக்காகச் சாய்த்துவிட்டேனா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தேன்.

“மூடுறதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்” என்றார் அத்தை. எழுந்தார். “ரெண்டு வருஷம்தானே. இருந்துட்டுப் போறோம். வர்றேம்மா.”

திரும்பும்போதும் லோரியில் நான்தான் நடுவில். கியரை மாற்றும்போதெல்லாம் என் முழங்காலில் இடித்தது, நகரக்கூடத் தைரியம் இல்லை. காப்பாரில் அத்தை ஒரு கடையோரம் நிறுத்தச் சொல்லி நுரைக்க ஆற்றிய தே தாரே தேநீர் மூன்று வாங்கினார். சூடு ஆறும் வரை காத்திருந்து, ஒரு மிடறு குடித்தார்.

“ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“வெளியாளு முன்னாடி எங்க வீட்டுப் புள்ளய விட்டுக் குடுப்பேனா? ஒன்ன திட்டுறதுக்கு எனக்கு வீடு இருக்கு.” கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். “நம்பர் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே. வாய்ல என்னா கொழுக்கட்டையா?”

வீடு வரும் வரைக்கும் அவர் பொறுமையாக இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை எழுத இங்கே இடம் போதாது. இடையில் குமாருக்கும் தனியாக ஒரு பங்கு விழுந்தது. விஷயம் தெரிந்தும் வாய் மூடி இருந்ததற்கு. (அந்த வேகத்தில் அவர் பழைய கண்ணாடி விஷயத்தையும் ஒப்புக்கொண்டுவிட்டார். அது தனக்கு அப்போதே தெரியும் என்றார் அத்தை.)

தண்டனை மறுநாள் காலையில் வந்தது. விட்டுப்போன வீடுகளுக்கெல்லாம் நானே நேரில் போய், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கவர்மண்டைத் திட்டியதையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

முதலில் முனுசாமி மாமா வீடு. வாசலில் நின்றபடியே சொன்னேன்.

“கவர்மண்ட் கட்டாயப்படுத்தல மாமா. நாந்தான் ஆசப்பட்டுப் போயி சேந்தேன்.”

அவருக்குப் புரியவில்லை. “ஆசப்பட்டா? வரி கட்டவா?”

“ஆமா மாமா.”

“யாரும் கூப்புடாமயா?”

“ஆமா மாமா.”

அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, “இங்க வந்து இந்தப் புள்ள சொல்றத கேளு” என்றார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா பக்கத்து வீட்டிலிருந்து தன் தங்கையை அழைத்துவந்தார். மூன்றாவது தடவை சொன்னபோது எனக்கே கதை நன்றாக வந்திருந்தது.

நான் சுங்கை பஞ்சாங் போய்ச் சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. சடங்கு வீட்டு அம்மா கதவைத் திறந்ததுமே, “நீதானா அந்த ஆறு பெர்சன் மருமவ?” என்றார். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். அடுத்த மகளுடைய சடங்குக்கு எங்களிடமே எடுப்பதாகச் சொன்னார், என்மேல் பரிதாபப்பட்டு. இப்படிப் பரிதாபத்தாலும் சிரிப்பாலும் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அந்த வருடத் திருவிழாவுக்கு அத்தை அடிப்படை வாடகையைக் குறைத்து, வரியோடு சேர்த்துப் பழைய தொகையே வரும்படி செய்தார். குறைந்த பணத்துக்கு ஈடாக நான் கயிறு கட்டக் கற்றுக்கொண்டேன். மாரியம்மன் முன்னால் மூன்று நாள், வெயிலில், முட்டி தேய.

இரண்டு வருடம் முடியக் காத்திருந்தோம். முடிவதற்குள் பொதுத் தேர்தல் வந்தது, அரசாங்கம் மாறியது, புதிய அரசாங்கம் அந்த வரியைச் சுழியமாக்கி, பிறகு அடியோடு எடுத்தும்விட்டது. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, ஒலியைக் குறைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “நாட்டயே மாத்திட்டாங்க. ஒன் பதிவ மாத்த முடியலன்னாங்களே.”

அந்தக் கேலி எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டுக்குக் கூடாரம் கட்டப் போனாலும், யாராவது ஒரு கிழவர் என்னிடம் வந்து, “என்னாம்மா, இப்ப புதுசா எதுலயாச்சும் சேந்துருக்கியா?” என்று கேட்காமல் போவதில்லை.

போன மாதம் கொழுந்தனுக்கு நிச்சயமான பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். வங்கியில் வேலை, கெட்டிக்காரி. சாப்பிட்டு முடித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, தொழிலுக்கெல்லாம் இப்போது மின்-விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) முறை வருகிறதே என்று பேச்சு வந்தது.

“நமக்கு இன்னும் கட்டாயம் இல்லதான் அத்தை” என்றாள் அவள் உற்சாகமாக. “ஆனா நாமளா விரும்பி இப்பவே சேந்துக்கலாமே.”

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். குமார் மறுபடியும் விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பெண் என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

அத்தை வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“எதுக்கும் ஒங்க அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கம்மா. அவ விரும்பிச் சேந்தப்ப ஒரு கவர்மண்டே போயிருச்சு.”